எண்ணெய்க் குளியல் கண்ட துப்பாக்கி

ஒருவனுக்கு எந்த ஊர் என்று தெரிந்துவிட்டால் போதும், அவனுக்கு என்ன தொழில் தெரியும் என்பதை ஊர் உலகமே முடிவு செய்துவிடும். திருநெல்வேலிக்காரன் அல்வா கிண்ட வேண்டும். நான் சிவகாசிக்காரன். ஆகவே வெடிமருந்து அறிந்தவன். (உண்மை வேறு. அப்பா வைத்திருந்தது காலண்டர் அச்சகம். தீபாவளியன்று என் தங்கை வாசலில் சரவெடி கொளுத்துவாள். நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அது முடியக் காத்திருப்பேன்.)

1976இல் அபுதாபியிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்த ஓர் எண்ணெய்க் கம்பெனி கேம்ப்பில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம். அதில் கோமதியோடு வாழ்ந்தது நாற்பது நாள். கேம்ப்பில் ஒரு குடும்பக் குவார்ட்டர்ஸ் காலியாகக் கிடந்தது. மனைவியை அழைத்துவர நான் கொடுத்த விண்ணப்பம் ஐந்து மாதமாக இன்ஜினியர் ஹார்வியின் மேஜையில், ஓர் ஈயக் குண்டின் அடியில் தூங்கியது. அவர் சிபாரிசு எழுதினால் கோமதி வருவாள். அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஈயக் குண்டு ஹார்வியின் பொழுதுபோக்கு. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைத் துணியில் சுற்றி, நீளக் குச்சியால் இடித்து இறக்கிச் சுடுகிற பழங்காலத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கான அனுமதிக் காகிதத்தைப் பாஸ்போர்ட்டைவிடப் பத்திரமாக வைத்திருப்பார். அவருடைய ஆராய்ச்சியில் இரண்டே கேள்விகள்: எவ்வளவு மருந்து போட்டால் குண்டு அதிக வேகம் போகும்? எவ்வளவு போட்டால் குழலைச் சுலபமாகச் சுத்தம் செய்யலாம்?

ஒரு நாள் என் ஃபைலைப் புரட்டியவர் நிமிர்ந்தார்.

"சிவகாசியா? மருந்தெல்லாம் தெரியுமா?" (இங்கிலீஷில்தான். என் மொழிபெயர்ப்பில் அவர் கொஞ்சம் இனிமையாகத் தெரிவார்.)

நான் ஈயக் குண்டைப் பார்த்தேன். அதன் அடியில் கோமதியைப் பார்த்தேன்.

"பரம்பரைத் தொழில் சார்," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பாலைவனத்துக்குப் போனோம். ஒரு சட்டத்திலிருந்து மணல் மூட்டையைத் தொங்கவிட்டார். குண்டு பாய்ந்ததும் மூட்டை பின்னால் ஆடும். அதன் அடியில் கட்டிய குச்சி மணலில் கோடு இழுக்கும். கோட்டை நான் அளக்க, அவர் வேகத்தைக் கணக்கிடுவார். பிறகு துணியால் குழலைத் துடைப்பார். எத்தனை துணி கறுத்தது என்பதும் நோட்டில் ஏறும். மருந்தைக் கூட்டக் கூட்ட வேகம் கொஞ்சம்தான் ஏறியது. துணிகள் மட்டும் ஏராளமாகக் கறுத்தன. போதாக்குறைக்கு அவர் குழலில் விட்டதும் பெட்ரோலிய எண்ணெய். அது கரியோடு சேர்ந்து தாராகி, ஆறாவது குண்டு பாதியில் சிக்கி, இடித்து இறக்குவதற்குள் மனிதர் வியர்வையில் நனைந்துவிட்டார்.

"இதை நிபுணர் சுடட்டும்," என்று நகர்ந்துகொண்டார்.

கொண்டுபோயிருந்த மடக்கு மேஜைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, கண்ணை மூடி (இரண்டையும்) விசையை இழுத்தேன். 'டக்' என்றது. பிறகு 'புஸ்' என்றது. வெடிக்கவில்லை.

திரி புகைந்து வெடிக்காமல் கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சிவகாசியில் பிறந்த என் கால்களுக்குத் தெரியும். துப்பாக்கியைப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன். ஏழெட்டு அடி போனதும் பின்னால் 'டமார்' என்றது. மேஜைமேல் திரும்பிக் கிடந்த துப்பாக்கி, லேண்ட்ரோவர் அருகே இருந்த எங்கள் ஒரே தண்ணீர் கேனைச் சுட்டிருந்தது. இந்தப் பக்கம் ஓட்டை, அந்தப் பக்கம் ஓட்டை. மணல் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.

ஹார்வி படுத்த இடத்திலிருந்து எழுந்தார்.

"சிவகாசியில் இப்படித்தான் செய்வீர்களா?"

"முதல் பாதுகாப்பு சார்."

"காதைப் பொத்திக்கொண்டா?"

"அது இரண்டாவது பாதுகாப்பு சார்."

கேம்ப்புக்குத் திரும்பினோம். ஸ்டோர் வாசலில் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். "இந்தக் கரி ராத்திரிக்குள் இரும்பை அரித்துவிடும். மூன்று மணிக்கு வருவேன். வெள்ளைத் துணி வெள்ளையாக வர வேண்டும். வராவிட்டால் உன் விண்ணப்பத்தை நீயே எடுத்துக்கொண்டு போகலாம்."

ஸ்டோரில் இருந்த சுத்தம் செய்யும் திரவத்தையெல்லாம் ஊற்றிப் பார்த்தேன். துணி கறுப்பாகவே வந்தது. இரண்டேகால் மணிக்கு என் ரூம்காரர் முத்தையா அண்ணன் எட்டிப் பார்த்தார். ராமநாதபுரத்துக்காரர், வெல்டர். ஊரில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். இங்கே லீவு வெள்ளியன்று என்பதால் சனி பகவானையும் ஒரு நாள் முன்னால் வரவழைத்துவிட்டார். தலையிலிருந்து எண்ணெய் வழிய, கையில் வெந்நீர் வாளி.

"என்ன தம்பி, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க?"

சொன்னேன்.

"அட, அழுக்குத்தானப்பா? மனுசன் அழுக்குக்கு என்ன செய்வோமோ அதையே செய்வோம். ஒம் பொஞ்சாதி குடுத்துவிட்ட சீயக்காய எடு."

"அண்ணே, இது துப்பாக்கி."

"இருக்கட்டும்யா. அதுக்கும் உடம்பு சூடுதான?"

சீயக்காய் கரைத்த வெந்நீரைக் குழலில் ஊற்றினோம். காக்காய் நிறத்தில் வந்தது. மறுபடி ஊற்றினோம், காப்பி. மூன்றாவது தடவை தெளிந்து வந்தது. சூட்டோடு துடைத்து, கோமதி என் தலைக்கென்று அனுப்பிய நல்லெண்ணெயை உள்ளே தடவினோம். "சாம்பிராணி போடுவமா?" என்றார் அண்ணன். வேண்டாமென்று தடுத்தது மட்டுமே இந்தக் கண்டுபிடிப்பில் என் பங்கு.

மூன்று மணிக்கு ஹார்வி வந்தார். வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்தார். வெள்ளையாகவே வந்தது. முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"என்ன இது?"

"பரம்பரை முறை சார்," என்றேன். முத்தையா அண்ணன் வாளியோடு கூரையைப் பார்த்தார்.

அடுத்த வெள்ளி, குண்டைச் சுற்றும் துணியை நல்லெண்ணெயில் நனைத்துச் சுட்டார் ஹார்வி. பன்னிரண்டு குண்டு, ஒன்றுகூடச் சிக்கவில்லை. மணலில் கோடுகள் அச்சடித்தது போல ஒரே நீளம். முடிவில் கறுத்த துணி மூன்றே மூன்று. நோட்டில் அந்த மூன்றுக்கு இரண்டு தடவை அடிக்கோடு போட்டார். (நான் இந்த முறை லேண்ட்ரோவருக்குப் பின்னால் இருந்தேன். அதுவும் ஆராய்ச்சிக்கு உதவியிருக்கலாம்.)

"இந்த எண்ணெய் எங்கே கிடைக்கும்?"

"என் மனைவி அனுப்புவாள் சார். இதோடு தீர்ந்துவிட்டது."

மறுநாள் காலை ஈயக் குண்டு நகர்ந்தது. சிபாரிசுக்கான காரணம் என்ற இடத்தில் ஹார்வி எழுதியிருந்தார்: 'பரிசோதனைக்கு இன்றியமையாத பொருள் இவருடைய மனைவியிடம் மட்டுமே உள்ளது. அவர் இங்கே இருப்பது அவசியம்.'

இரண்டு மாதத்தில் கோமதி வந்து இறங்கினாள். வரவேற்க வந்த ஹார்வி கை கூப்பி வணக்கம் சொல்லிவிட்டு, முதல் கேள்வியாக, "எத்தனை பாட்டில்?" என்றார்.

அந்த விண்ணப்பத்தின் நகல் இன்றும் அவள் பீரோவில் இருக்கிறது. அவளிடம் யாராவது, "கல்யாணமான புதுசுலயே வீட்டுக்காரரோட வெளிநாடு போயிட்டீங்களா?" என்று கேட்டால், கோமதி என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"வீட்டுக்காரரா? எனக்கு அங்க துப்பாக்கிக்கு எண்ணெய் குடுக்கிற உத்தியோகம். இவரு கூட இருந்தாரு."