கிணற்றடியில் சொட்டு ஐயா

மன்னார்த் தீவில் தண்ணீரைக் குடித்தவர்கள் உண்டு, விற்றவர்கள் உண்டு. காலையிலிருந்து பின்னேரம்வரை அதை முறைத்துப் பார்த்தவர் ஒருவர்தான். சொட்டு ஐயா. சொந்தப் பெயரும் சொன்னார். எங்களுக்கு அது மனதில் நிற்கவில்லை.

தாழ்வுபாடு ஊரில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் என் வளவுக் கிணறுதான். கொழும்பிலிருந்து வந்த மருமகன் ஒரு மிடறு குடித்தான். மண்ணெண்ணெய் மணக்குது என்று தண்ணீர்ச் சபைக் கந்தோருக்குப் போன் அடித்தான். அங்கிருந்து ஒருவர் வந்து, எங்கள் வாளியால் அள்ளிப் போத்தலில் கொண்டுபோனார். மண்ணெண்ணெய் இருக்கிறதாம். கிணற்றை மூடவேண்டுமாம். மூடினால் பவுசர் லொறியில் வரும் தண்ணீர்தான். பவுசர் வந்தால் வரும்.

மூடுவதற்கு முதல் இன்னொருமுறை பார்க்கச் சொட்டு ஐயாவை அனுப்பினார்கள்.

வந்ததும் என்னைத்தான் மணந்து பார்த்தார்.

"தலைக்கு எண்ணெய் வச்சிருக்கிறியளோ?"

"ஓம் ஐயா. தேங்காயெண்ணெய்."

"அப்ப அந்தப் பூவரசுக்கு அங்கால நில்லுங்கோ. உங்கட தலை என்ர தண்ணிக்கு ஆகாது."

என் வளவு. என் கிணறு. பூவரசடியில் நின்றேன்.

கண்ணாடிப் போத்தலைக் கம்பியில் கட்டி இறக்கித் தானே தண்ணீர் எடுத்தார். எங்கள் கதிரையைக் கிணற்றடியில் போட்டு இருந்தார். முன்னால் ஊசிக் குழாய் மாதிரி ஒன்று, உள்ளே வெள்ளைப் பொடி. தண்ணீர் அதற்குள்ளால் சொட்டுச் சொட்டாக இறங்கவேண்டும். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எது இருந்தாலும் பொடி பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்பிரிட் மாதிரி ஒன்றை விட்டு அதைக் கழற்றி எடுத்து, கந்தோரில் பார்ப்பார்களாம். தண்ணீர் விரைவாக ஓடினால் பொடி பிடிக்காது. நடுவில் காய்ந்தாலும் பிடிக்காது. அதனால் மனிதன் எழும்பவே இல்லை.

கழுதை ஒன்று வந்தது. மன்னாரில் கழுதை வராத வளவு இல்லை. அது அவருடைய தொப்பியைத் தின்னத் தொடங்கியது.

"ஐயா, தொப்பி," என்றேன், பூவரசடியிலிருந்து.

"தின்னட்டும். குழாயில முட்டாட்டிச் சரி."

தின்றது. முட்டவில்லை.

மத்தியானம் கோயில் மணி அடித்தது. என் மனுசி சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்தாள்.

"கண்ணெடுக்க ஏலாது அக்கா," என்றார்.

மனுசி என்னைப் பார்த்தாள். தலையில் துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். சோற்றைக் குழைத்து ஊட்டினேன்.

"பெத்த பிள்ளையளுக்கு ஊட்டாத மனுசன்," என்றாள்.

ஐயா வாயைத் திறந்தார். கண் சொட்டில்.

"முள்ளு," என்றார். எடுத்துவிட்டேன்.

தண்ணீர் முழுக்க இறங்கியபிறகுதான் எழும்பினார். கை கழுவ வாளியைத் தூக்கினார். மூக்கை உள்ளே விட்டார்.

"இந்த வாளி எங்கால?"

"படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோற பிளாஸ்ரிக் கான் ஐயா. வெட்டினது. ஒழுங்கையில எல்லாரிட்டயும் இதுதான்."

"உங்களுக்கு மணக்கேல்லையோ?"

"எங்கட வீட்டில எதுதான் மணக்காது?" என்றாள் மனுசி. "படகு, வலை, இந்தாள், எல்லாம் அந்த மணம்தான்."

ஐயா கதிரையைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுத் திரும்பவும் இருந்தார். புதுக் குழாய் எடுத்து, வாளித் தண்ணீரைத் தனியாகச் சொட்டவிட்டார். பின்னேரத் தேத்தண்ணீரும் நான்தான் பருக்கினேன்.

சில கிழமையில் சொட்டு ஐயாவிடமிருந்து போன் வந்தது.

"கிணறு சுகம் ஐயா. வாளிக்குத்தான் வருத்தம். மூடத் தேவையில்ல."

ஒழுங்கை முழுக்க வாளி மாறியது. மருமகன் இப்போது செம்புச் செம்பாகக் குடிக்கிறான்.

சொட்டு ஐயா மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இருந்த கதிரை கிணற்றடியில்தான் கிடக்கிறது. மழை வந்தால் உள்ளே எடுத்து வைப்பேன். அதில் வேறு ஆட்களை இருக்க விடுவதில்லை. கேட்டால், கதிரைக் கால் ஆடுகிறது என்று சொல்லுவேன்.