ஊசிவெடி சிஸ்டரும் குப்பைக்கூடையில் விழுந்த சாவிக்கொத்தும்

தாம்பரம் ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சல்லடை போட்டுத் தேடினாலும், கோபத்தை இவ்வளவு ஒழுங்காக, மாத்திரை மாதிரி வேளை தவறாமல் எடுத்துக்கொண்ட இன்னொரு மனுஷியைக் காட்ட முடியாது. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, தேவைப்பட்டால் நடுவிலும் ஒன்று.

இரும்புலியூர்ப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் அவர் தலைமை நர்ஸ். நான் வாசலில் டோக்கன் கொடுக்கிறவன். ஆள் குள்ளம். திரியைக் கிள்ளுவதற்குள் வெடித்துவிடுவார். அதனால் ஊசிவெடி சிஸ்டர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தவர்களை, "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எச்சில் தொட்டு டோக்கன் பிரிப்பது என் வழக்கம். ஒருநாள் பார்த்துவிட்டார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, எலும்பு முறிந்தவனுக்குப் போடுகிற மாதிரி பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டார். "இப்ப நக்கு, தம்பி." பெரிய டாக்டரையும் விடமாட்டார். டாக்டர் கை கழுவாமல் அடுத்த நோயாளியிடம் போனால், பின்னாலேயே ஸ்பிரிட் பஞ்சோடு போய், அவர் தொட்ட கதவு, கட்டில், சட்டைப்பையில் இருக்கும் பேனா வரைக்கும் துடைப்பார். டாக்டர் முறைப்பார். "கிருமிக்குக் கண்ணு கிடையாது சார். எம்.பி.பி.எஸ்.ஸா எட்டாங்கிளாஸான்னு அது பாக்கிறதில்ல."

கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்த காலம் போய், குத்திவிட்டுத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் சிரிஞ்சு வந்த புதிது. தூக்கிப் போடச் சொன்னார்களே தவிர, எங்கே என்று யாரும் சொல்லவில்லை. பஞ்சு, வாழையிலை, டீ கிளாஸ் உடைந்தது எல்லாம் விழுகிற கூடையிலேயே ஊசியும் விழுந்தது. அந்தக் கூடையை வெறுங்கையால் அள்ளிக் கொட்டுகிறவர் பம்மலிலிருந்து வரும் ஆயா பட்டம்மா. ரப்பர் கையுறை இல்லாமல் இல்லை. டாக்டர் அறை பீரோவில் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது. குத்துகிறவர் கைக்கு உறை, அள்ளுகிறவர் கைக்கு ஒன்றுமில்லை.

சிஸ்டர் பால்பவுடர் டின்களின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஊசிக்கென்று கொண்டுவந்து வைத்தார். "இது ஆஸ்பத்திரியா, காயலான் கடையா?" என்று டாக்டர் எடுத்துப் போடச் சொன்னார்.

அந்த வாரமே பட்டம்மாவின் கட்டைவிரலில் ஊசி ஏறியது. வார்டில் படுத்திருந்தவருக்கு மஞ்சள் காமாலை, ரத்தத்தில் தொற்றுகிற வகை. அவருக்குப் போட்ட ஊசி. பட்டம்மா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த கூடையைத் தூக்கப் போனார். சிஸ்டர் அவரைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார்.

"இன்னா சிஸ்டர், ஒரு ஊசி குத்திச்சு. அதுக்குப் போயி இம்மாம் பேஜார் பண்ணிகினு கீறீங்க."

"வாய மூடு. ஈரல் போச்சுன்னா எந்தக் கடையில வாங்குவ?"

தடுப்பூசி அப்போது வெளிநாட்டுச் சரக்கு. சீக்கிரம் போட்டால் பட்டம்மா தப்பிக்கலாம் என்று சிஸ்டர் டாக்டரிடம் நின்றார். டாக்டர் நிமிரவில்லை. "அதெல்லாம் டாக்டர்களுக்கும் நர்ஸுக்கும்தான், சிஸ்டர். ஆயாவுக்கெல்லாம் யார் போடுறா? எறும்பு கடிச்ச மாதிரிதான், சரியாயிடும்."

சிஸ்டர் வெடிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் டாக்டருக்கு மாம்பலத்தில் சம்பந்தி வீட்டு விசேஷம். டாக்டரம்மா பட்டுப்புடவையில், பூட்டிய காருக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்கிறார். டாக்டர் கிளம்பும் முன் வழக்கம்போல ஊசி போடும் அறை மேஜையில் சாவிக்கொத்தை வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தால் சாவி இல்லை.

"கூடையில இருக்கு சார்," என்றார் சிஸ்டர். "நான்தான் போட்டேன்."

வெளியே பெஞ்சில் இருந்த கூட்டம் மொத்தமும் வாசலில் வந்து நின்றது. டாக்டர் கூடையை எட்டிப் பார்த்தார். ரத்தப் பஞ்சு, நடுவே நாலைந்து ஊசி முனை.

"பட்டம்மாவைக் கூப்பிடு."

பட்டம்மா ஓடிவந்து, "இரு சார், நான் எட்த்து தரேன்" என்று குனிந்தார். சிஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "கைய வெச்ச, நானே கடிச்சிடுவேன். எறும்பு கடிக்கிற மாதிரிதானே, சாரே எடுக்கட்டும்."

"சரி, ஒரு கிளவுஸ் கொடுங்க."

"பீரோவுல இருக்கு சார்."

"பீரோ சாவி?"

சிஸ்டர் கூடையைக் காட்டினார்.

டாக்டர் முகம் சிவந்தது. "நாளையிலேருந்து நீங்க வேலைக்கு வர வேணாம்."

"வரல. இவளுக்கு ஊசியப் போட்டுட்டு என்னை அனுப்புங்க."

டோக்கனோடு நின்ற கோவளத்து மீன்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மீன் கூடையிலயே நாங்க முள்ளு பாத்துதான் கை வைப்போம், டாக்டரே. அந்தப் பொம்பள கை இன்னா இரும்பா?"

டாக்டர் கூடையைக் காலால் சாய்த்தார். மூடியில்லாத ஊசிகள் தரையில் உருண்டு அவர் ஷூவரைக்கும் வந்தன. ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். பிறகு இடுக்கியால் சாவிக்கொத்தை எடுத்துக் கழுவிக்கொண்டு, காருக்குப் போய்விட்டார்.

மறுநாள் பீரோ திறந்து கிடந்தது. ஐஸ் டப்பாவில் தடுப்பூசி மருந்து வந்திருந்தது. மன்னிப்பு வரவில்லை. சிஸ்டரைப் போகச் சொன்ன பேச்சும் திரும்ப வரவில்லை. பால்பவுடர் டின்கள் சொல்லாமல் கொள்ளாமல் தங்கள் இடத்துக்கு வந்தன.

ஊசி என்றதும் பட்டம்மா அழ ஆரம்பித்துவிட்டார். தினம் ஊசி அள்ளிய கைக்கு ஊசி என்றால் பயம். "வோணாம் சிஸ்டர், வலிக்கும்." ஊசிவெடி சிஸ்டர் திட்டவில்லை. போட்ட இடத்தில் குழந்தைக்கு ஊதுகிற மாதிரி ஊதினார். அப்புறம், மூடியை மாட்டப் போனால்தான் விரலில் குத்தும் என்று, மூடாமலே ஊசியை டின்னில் போட்டார். டிங் என்றது.

சில மாதம் கழித்து ரத்தம் சோதித்தார்கள். ஒன்றுமில்லை. "நான் அப்பவே சொல்லல?" என்றார் பட்டம்மா. சிஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த மேஜையை ரொம்ப நேரம் துடைத்தார்.

இப்போதும் எங்கே ரத்தம் எடுக்கப் போனாலும், ஊசி டப்பாவில் விழும் சத்தம் கேட்காமல் நான் எழுந்திருப்பதில்லை. "முடிஞ்சுது சார், போலாம்" என்பார் நர்ஸ். நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். ஊசிவெடி சிஸ்டர் மாதிரி யாராவது வந்து திட்டமாட்டார்களா என்று இருக்கும்.