ஈசான மூலையில் ஒரு டியூப்லைட்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இப்போதே சொல்லிவிட்டார்: "நீ சொன்னா ஆரம்பம் கடைசில வரும், கடைசி வரவே வராது." அதனால் வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். எங்கேயாவது தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தது எட்டாவது. அதுவும் முழுசாக இல்லை.

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. கடைக்குப் போய் ஒரு பல்பு வாங்கி வர வேண்டும்.

செடிக்கு.

சிரிக்காதீர்கள். வீடே அந்தச் செடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓசூரில் கம்பெனி மேல் கம்பெனியாக வந்து, வாடகை வீட்டுக்கு ஆள் மேல் ஆள் விழுந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் பாகலூர் ரோட்டில் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் இருந்தோம். மாடியில் ஓனரம்மா கமலம்மாவும் அவர் வீட்டுக்காரரும். கமலம்மாவுக்குக் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிப் பக்கம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். திட்டுவதாக இருந்தால் மட்டும் முழுக்கத் தமிழ்.

அவருக்கு ஜூஜுவாடியில் ஒரு அக்கா மகன். அவனுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, எங்கள் போர்ஷனை அவனுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் போய் வெகு நாளாகியிருந்தது.

இந்த நேரத்தில் கமலம்மா மகள் பிரசவத்துக்காக மைசூர் கிளம்பினார். கிளம்புகிற அன்று மூன்று தொட்டிகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பெங்களூரில் வாங்கிய செடி. ஊதாப்பூ, குண்டு இலை, இலை முழுக்கப் பூனைக்குட்டி மாதிரி ரோமம். வயலட் என்றார்.

"சரோஜா, இதுக்கு வெயில் ஆகாது. இருட்டும் ஆகாது. இலை மேல தண்ணி படக்கூடாது."

"மாடிலயே இருக்கட்டுமேம்மா, ஐயாதான் இருக்காரே..."

"அவரா? அவரு தண்ணி ஊத்தினா ஏரி மாதிரி நிக்கும். ரெண்டு தொட்டி ஏற்கனவே அவரு கையால போயாச்சு. நீ நல்லா பாத்துக்கோ. வீட்டப் பத்தி நான் வந்து பேசறேன்."

புரிந்துவிட்டது. செடி இருந்தால் நாங்கள் இருப்போம். செடி போனால் நாங்களும் போவோம்.

எங்கள் போர்ஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்னறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைகுலுக்கும். உள்ளே ஒரு சின்ன அறை. அதற்கு அந்தப் பாக்கியமும் கிடையாது. பட்டப்பகலில் கூடத் தீப்பெட்டியைத் தடவித்தான் எடுக்க வேண்டும். வாசலில் வைக்கலாம் என்றால் வெயில். வெயில் தப்பினால் ஆடு.

ஆக, விளக்கு.

அதிலும் ஒரு சிக்கல். எங்களுக்கும் மாடிக்கும் சேர்த்து ஒரே மீட்டர். இன்னின்ன அறையில் இன்னின்ன பல்புதான் என்று குடிவந்த அன்றே சட்டம். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி. ஓனர் ஐயா ரிட்டையர் ஆனவர். கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்று சக்கரம் சுற்றுவதைப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. சினிமா பார்க்கிறவர்கள் கூட இடைவேளையில் எழுந்து போவார்கள். இவர் போகமாட்டார்.

கரண்ட் குடிக்காத விளக்காக வேண்டும் எனக்கு. நன்றாக யோசித்தேன். அங்கேதான் தப்பு ஆரம்பம். நான் யோசிக்கவே கூடாது.

ஜீரோ வாட் பல்பு கரண்ட் எடுக்காது என்பது ஊரே ஒப்புக்கொண்ட உண்மை. செடி பச்சை. ஆகவே பச்சை வெளிச்சம்தான் அதற்குப் பிடிக்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு கபூர் பாய் கடைக்குப் போனேன்.

"பாய், ஒரு ஜீரோ வாட். பச்சை."

"பூஜை ரூமுக்காக்கா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். செடிக்கு என்றால் சிரிப்பாரே!

சின்ன அறை ஷெல்ஃபில் தொட்டிகளை வைத்து, மேலே பல்பைத் தொங்கவிட்டேன். ஐயா வழக்கம்போல மீட்டரைப் பார்த்தார். சக்கரம் அசையவில்லை. எனக்கு வெற்றி!

வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, உள்ள பேய்ப்படம் ஓடுது?"

"செடிக்கு வெளிச்சம்."

"இதுல செடிக்கு அதோட வேரே தெரியாதே!"

கொஞ்ச நாளில் பூ உதிர்ந்தது. இலைக்காம்பு நீண்டுகொண்டே போனது. எட்டி எட்டிப் பார்த்தது, வேறு வீடு தேடுவது மாதிரி. பாய் கடைக்கு ஓடி உண்மையைச் சொன்னேன்.

"அய்ய, செடிக்கா! முதல்லயே சொல்லக்கூடாதாக்கா? பச்சை இலை பச்சை வெளிச்சத்த எடுத்துக்காதாம். திருப்பி அனுப்பிடுமாம். என் பொண்ணு பரிட்சைக்குக் கத்திக் கத்திப் படிச்சா, எனக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு."

"அப்ப ஏன் பாய் குடுத்தீங்க?"

"நீங்க பூஜை ரூமுன்னீங்க. சாமிக்கு எல்லாக் கலரும் ஒத்துக்கும்."

சரி, வெள்ளை வெளிச்சம்தானே வேண்டும்? இருக்கிறதிலேயே பெரிசாக நூறு வாட் குண்டு பல்பு வாங்கினேன். வெளிச்சம் வீணாகக்கூடாது பாருங்கள், அதனால் இலைக்குப் பக்கத்திலேயே இறக்கிக் கட்டினேன். சிக்கனம்!

ஸ்விட்ச் போட்டுக் காபி வைக்கத் திரும்பினேன். காபி கொதிக்கவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

"என்னம்மா, இஸ்திரி போடறியா?"

"இல்லீங்கய்யா..."

"சக்கரம் பம்பரமா சுத்துதே!"

"அது... இஸ்திரிதாங்கய்யா. இவரு பேண்டு."

என் வீட்டுக்காரர் கம்பெனிக்கு இஸ்திரி போட்ட பேண்ட் போட்டதே இல்லை. அன்றிலிருந்து அவரும் ஐயா முன்னால் மடிப்புக் கலையாமல் நடக்க வேண்டியதாயிற்று.

பல்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு இலை ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. வெயில் ஆகாது என்று சொன்னார்களே என்று, நானே வீட்டுக்குள் ஒரு வெயிலைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்!

மறுபடியும் பாய் கடை. இந்த முறை பாய் ஸ்டூல் போட்டு உட்காரவே வைத்துவிட்டார்.

"குண்டு பல்பு தின்கிற கரண்டுல பெரும்பங்கு சூடாத்தான் போகும்க்கா. தோசை சுடலாம். ரெண்டடி டியூப்லைட் எடுங்க. இருபது வாட்டுதான். சூடு ஏறாது. செடிக்கு ஒரு சாண் மேல கட்டுங்க. சோக்கு மட்டும் பழைய இரும்பு சோக்கு வேணாம், அது தனியா கரண்டு தின்னும், வண்டு மாதிரி ரீங்காரமும் போடும். இப்ப எலக்ட்ரானிக் சோக்கு வந்திருக்கு. நம்ம ஊரு லோ வோல்டேஜ்லயும் கண்ணடிக்காம எரியும்."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நானும் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

டியூப்லைட்டைச் சேலைத் தலைப்பில் சுற்றி, திருட்டுப் பொருள் மாதிரி வீட்டுக்குள் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் ஷெல்ஃபின் மேல் பலகையில் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார். கட்டும்போதே முணுமுணுத்தார்.

"எங்க கம்பெனில வருசக்கணக்கா டியூப்லைட்டுக்குக் கீழதான் நிக்கறேன். நான் வளந்தனா?"

"நீங்க வளரலன்னு யாரும் நம்மள காலி பண்ணச் சொல்லல. கட்டுங்க."

மீட்டர் பயம் மட்டும் விடவில்லை. அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன். செடி அறையில் விளக்கு எரிகிறவரை மற்ற அறைகளில் எரியக்கூடாது. செடிக்கு வெளிச்சம், எங்களுக்கு இருட்டு. ஒரு நாள் அவர் ரசம் என்று நினைத்து, கை கழுவ வைத்திருந்த தண்ணீரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துவிட்டார்.

"ரசம் எப்பிடிங்க?"

"வழக்கம்போலத்தான்."

ஆனால் செடி! புது இலை விட்டது. நடுவில் மொட்டு வைத்தது. ஆனி மாசத்தில் மூன்று தொட்டியும் ஊதாக்குடை பிடித்தது மாதிரி பூத்து நின்றன. நான் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டேன். என் கல்யாணத்தில் கூட அவ்வளவு பூ இல்லை.

சொல்லாமல் கொள்ளாமல் கமலம்மா வந்து இறங்கினார். வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த நான், உள்ளே ஓடினேன். அனுமதி இல்லாத டியூப்லைட்! கயிற்றை அவிழ்த்தேன், கோரைப்பாயில் வைத்துச் சுருட்டினேன், மூலையில் நிறுத்தினேன். அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார்.

"அய்யோ, எஷ்டு சென்னாகிதே! எவ்வளவு அழகா இருக்கு! என்னம்மா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலீங்கம்மா. அதுவா வளந்துச்சு."

இதுதான் நான் சொன்ன பொய்களிலேயே விலை அதிகமானது.

"பிரயாணம், கால் வலிக்குது. அந்தப் பாய விரி, உக்காந்து பாக்கறேன்."

"வேணாம்மா! மூட்டைப்பூச்சி மருந்து அடிச்சு வச்சிருக்கேன்!"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்து அந்த இருட்டறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். செடியைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"ஜன்னல் இல்ல. வெளிச்சம் இல்ல. எப்பிடிப் பூத்தது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, சட்டென்று எழுந்து வாசல் எந்தப் பக்கம் என்று கையால் அளந்தார். "இது ஈசான மூலை! அதான்! இந்த ரூம்ல ராசி இருக்கு!"

"ஆமாங்கம்மா" என்றேன். பாராட்டு கிடைக்கிறதே என்று தலையை வேறு ஆட்டித் தொலைத்தேன்.

"ஜூஜுவாடிப் பையன் கம்பெனி வேலைக்கு அலையறான். எதுக்கு? இங்க வந்து இருக்கட்டும். ரூம் பூரா இந்தச் செடி வைக்கலாம், பெங்களூருக்கு அனுப்பலாம். இந்த மூணு தொட்டியும் இங்கயே இருக்கட்டும். நீ ஆடி முடிஞ்சதும் வேற வீடு பாத்துக்கோ சரோஜா. ஆடில யாரையும் வீடு மாறச் சொல்லக்கூடாது. எனக்கும் மனசாட்சி இருக்கு."

செடி செத்தால் வீடு போகும் என்று பயந்தேன். செடி பிழைத்து வீடு போனது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாயை விரித்து டியூப்லைட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லிடு. ராசி இல்ல, இதுதான்னு காட்டிடு."

"காட்டினா? திருட்டுத்தனமா கரண்ட் எடுத்தேன்னு இன்னைக்கே காலி பண்ணச் சொல்வாங்க. இப்பவாவது ஆடி முடியற வரைக்கும் டயம் இருக்கு."

"அப்ப ஆடி முழுக்க அழுதுட்டு இருப்போமா?"

நான் அழவில்லை. பரண் மேல் ஏறினேன். பழைய டப்பாவில் கிடந்த பச்சை ஜீரோ வாட் பல்பைத் துடைத்தேன். டியூப்லைட் கட்டியிருந்த அதே இடத்தில் மாட்டினேன்.

ஐயா வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா பச்சையா எரியுது?"

"ஆடி மாசமில்லீங்களா, அம்மனுக்கு. ஜீரோ வாட்டுதாங்கய்யா."

"ஜீரோதானே? நல்லா எரியட்டும்!"

கமலம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இறங்கி வந்தார். முதல் வெள்ளி, "பூ கொறஞ்சிருக்கே." அடுத்து, "இலை ஏன் வெளுக்குது?" அப்புறம் வந்தபோது காம்புகள் நீண்டு, செடி மூன்றும் பழையபடி வீடு தேட ஆரம்பித்திருந்தன. பாவமாகத்தான் இருந்தது. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நானும் வீடு தேடுகிற நிலைமையில்தானே இருந்தேன்.

"என்னம்மா ஆச்சு இதுக்கு?"

"தெரியலீங்கம்மா. நான் ஒண்ணுமே பண்ணலயே."

இதுவும் முன்னால் சொன்னதுதான். அப்போது பொய். இப்போதும் பொய்.

கமலம்மா சுவரைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ராசி ஓடிப்போச்சு. பையன் கம்பெனிக்கே போகட்டும், அவனுக்கு வேற எடம் பாக்கறேன். இந்த வீட்டுல நீங்களே இருங்க."

தொட்டிகள் மாடி ஜன்னலுக்குப் போயின. கமலம்மா கையால் தண்ணீர் குடித்துப் பிழைத்தும்விட்டன. டியூப்லைட்டை முன்னறையில் போட அனுமதி கேட்டேன். ராசி போன துக்கத்தில் தலையாட்டிவிட்டார். இப்போது ரசம் ரசமாகத் தெரிகிறது. கபூர் பாய்க்கும் ஆள் விட்டு நன்றி சொன்னேன். "எந்த லைட்டுக்கா நல்லா வந்துச்சு?" என்று கேட்டனுப்பினார்.

பச்சை பல்பை மட்டும் அந்தச் சின்ன அறையிலிருந்து கழற்றவே இல்லை. யாராவது வீடு பார்க்க வருகிற மாதிரி தெரிந்தால் ஓடிப்போய் அந்தப் பேய்ப்படத்துக்கு ஸ்விட்ச் போட்டுவிடுவேன்.

எந்த விளக்கு சிக்கனம் என்று என்னைக் கேட்டால் பச்சை ஜீரோ வாட்தான்: ஒரு வீட்டையே மிச்சம் பிடித்துக் கொடுத்ததே!