கீரி ஐயாவின் தண்ணீர்ப் பானை

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆனால் ஏரி என்று கூப்பிட்டால் அதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மேட்டில் காட்டுப்பன்றிகள் கரும்பு போட்டிருந்தன. ஒரு பன்றி ஒரு மூட்டை யூரியா போட்டால், பக்கத்து வயல் பன்றி மானம் போகக்கூடாதென்று இரண்டு மூட்டை போடும். கரும்பு தின்றது போக மிச்சமெல்லாம் மழையோடு ஏரிக்கு வந்து சேர்ந்தது. ஏரி பச்சைப் பாசியால் மூடிக்கொண்டது. அடியில் மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன.

அல்லிமுத்து என்ற தவளைக்கு வயிற்றில் முட்டை. இரண்டு நாளுக்குள் நல்ல தண்ணீரில் இட்டாக வேண்டும். போன மழைக்கு ஏரியில் இட்டதில் ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தத் துக்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் நீர்ப் பரிசோதனை அலுவலகத்துக்குத் தத்திப் போனாள். அங்கே கீரிதான் அதிகாரி.

"ஐயா, ஏரித் தண்ணி கெட்டுப்போச்சு. வந்து பாருங்க."

"நாங்க வர்றதில்லைம்மா. நீதான் பாட்டில்ல பிடிச்சுட்டு வரணும்." ஒரு காலி பாட்டிலையும் படிவத்தையும் நீட்டினார். "பிடிக்கறதுக்கு முன்னாடி பாட்டிலை நல்ல தண்ணியில மூணு தடவை அலசணும். இல்லேன்னா செல்லாது."

அல்லிமுத்து காடு முழுக்க நல்ல தண்ணீர் தேடினாள். குட்டையில் பூச்சிமருந்து வாடை. ஓடையில் நுரை. மறுநாள் காலி பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"ஐயா, அலசறதுக்கே நல்ல தண்ணி இல்லீங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றபடி கீரி ஓரத்துப் பானையில் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். வெளியூர்க் கேன் தண்ணீரை ஊற்றிவைத்த பானை. அதன் வாசனை அல்லிமுத்துவுக்கு அடிவயிறு வரை போனது.

கீரி சாப்பிடப் போனார். அல்லிமுத்து மூடியைத் தள்ளி, இறங்கி, முட்டையிட்டு முடித்தாள். ஓர் அலுவலகத்தில் அவள் வேலை உடனே முடிந்தது அதுதான் முதல் முறை. பிறகு வெளியே வந்து பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கீரி வந்து, மூடியைச் சரிசெய்து, கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். பன்றிகளின் கரும்பு விழாவுக்காக ஒரு வாரம் விடுமுறை.

விடுமுறை முடிந்து வந்த கீரி பானையில் டம்ளரை விட்டார். டம்ளருக்குள் நாலைந்து தலைப்பிரட்டைகள் வாலாட்டின. பானைக்குப் பின்னாலிருந்து அல்லிமுத்து ஓடி வந்தாள்.

"மன்னிச்சிருங்கய்யா. கொட்டிராதீங்க. என் பிள்ளைங்க."

கீரி கோபப்படவில்லை. செல்போனை எடுத்து நாலு பக்கமிருந்தும் படம் பிடித்தார். பிறகு படிவத்தில் எழுதினார்: 'புகார்தாரரான ஏரித் தவளையின் குழந்தைகள் நேரில் பார்வையிடப்பட்டன. அனைத்தும் நலம். ஆகவே ஏரி நீரில் குறையில்லை.'

"இதுல கால்ரேகை வை."

"ஐயா, ஏரியில இன்னும் நூறு தவளைங்க வயித்துல முட்டையோட இருக்காங்க."

"சரி, அப்ப பானையைக் கழுவச் சொல்லிரவா?"

அல்லிமுத்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அழுதுகொண்டே கால்ரேகை வைத்தாள்.

அந்தப் படிவத்தின் பேரில் பன்றிகளுக்கு நீர்க் காவலர் விருது கிடைத்தது. மறுநாள் காலை அலுவலக வாசலில் நூறு தவளைகள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் யாரும் படிவம் கேட்கவில்லை. கீரி ஐயா எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்று மட்டும் கேட்டார்கள்.

நீதி: நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லாதே, சோதிப்பவர் எதைக் குடிக்கிறார் என்று பார்த்து, அதில் முட்டையிடு.