சாம்பலில் பச்சை கண்ட நியூட்ரல் பாய்

மதுரைக்காரர்கள் கறுப்பு வெள்ளை என்று நினைத்துச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் படங்களில் பாதி பச்சை, மீதி ரோஸ் என்று அடித்துச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் நியூட்ரல் பாய்தான். அதைச் சொல்வதற்கு அவர் இடம் பொருள் பார்த்ததில்லை. எங்கள் கடை முதலாளியின் மாமனார் தவறிப்போய் நாங்கள் துக்கம் கேட்கப் போயிருந்தோம். மாலை போட்ட படத்துக்கு முன்னால் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பாய் நேராகப் படத்துக்கு அருகே போனார், குனிந்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கூர்ந்து பார்த்தார். இறந்தவருக்கு ரொம்ப நெருக்கமானவர்போல என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். "நெழல் பூரா பச்சை அடிக்குதே, இத எந்தக் கடையில போட்டீங்க?" என்று கேட்டார்.

அழுகை அப்படியே நின்றுபோனது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது நீதான் என்று எழுதியிருந்தது.

டவுன் ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நான் வேலை பார்த்த கல்யாணப் பத்திரிகைக் கடை இருந்தது. கம்ப்யூட்டரில் பிள்ளையார் படத்தையும் தாமரைப்பூவையும் இடம் மாற்றி மாற்றி வைப்பது என் வேலை. பக்கத்து அறை பாயுடையது. அதில் ஒரு பெரிய இங்க்ஜெட் பிரிண்டரும் ஒரு நாற்காலியும் இருந்தன. கலர் படம் வேண்டும் என்று வருகிறவர்களைக் கீழ்க்கடைக்கு அனுப்பிவிடுவார். கறுப்பு வெள்ளை மட்டும்தான் போடுவார். அதற்கு முன்பு கப்பலூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் நிறம் கலக்கும் வேலையில் இருந்தாராம். ஒரு நாள், வெள்ளை பெயின்ட் வெள்ளையாக இல்லை என்று சொல்லி, லாரியில் ஏற்றிய டப்பாக்களை இறக்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் அவரையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள்.

'நியூட்ரல்' என்பது அவர் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லும் சொல். எந்த நிறத்தின் பக்கமும் சாயாத சாம்பல் என்று அவருக்கு அர்த்தம். ஊருக்கு வேறு அர்த்தம். ஒரு முறை ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் மூச்சுவாங்க மாடியேறி வந்து, நியூட்ரல் பாய் யார் என்று விசாரித்தார். வண்டியில் கியர் மாட்டிக்கொண்டதாம், நியூட்ரலே விழவில்லையாம், யாரோ இவர் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாய் அவரை உட்காரவைத்து முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எனக்கும் அதே பிரச்சினைதாண்ணே, மூணு நாளா விழுக மாட்டேங்குது" என்று தன் பிரிண்டரைக் காட்டினார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். தப்பாக நினைக்கக் கூடாது என்று ஆரம்பித்து, என் கிளிப்பச்சைச் சுடிதாரின் நிறம் கதவு வழியாக அவருடைய படத்தின் மேல் விழுகிறது, கொஞ்சம் சுவர் ஓரமாக உட்கார முடியுமா என்று கேட்டார். நான் திகைத்துப்போய் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி தலையைக் குனிந்துகொண்டு தன் ஆரஞ்சுச் சட்டையின் மேல் துண்டைப் போர்த்தினார். அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

பாயின் அறைக்குள் முதல் தடவை போனபோது எனக்குத் தலை சுற்றியது. சுவர், கூரை, தரை, பிரிண்டருக்குக் கீழே விரித்த துணி, எல்லாம் ஒரே சாம்பல். மனுஷனும் சாம்பல் சட்டை, சாம்பல் கைலி. அவர் கண்ணைச் சிமிட்டினால்தான் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தது. அவருடைய மனைவி நூர்ஜஹான் அக்கா மத்தியானச் சோறு கொண்டுவரும்போது தூக்குவாளியைக்கூட வெளியேதான் வைப்பார். அது சிவப்பு வாளி. "நேத்து சோறு லேசா நீலம் அடிக்குதுன்னாரும்மா. எனக்குக் கைகால் ஓடல" என்று என்னிடம் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்.

அவரோடு மல்லுக்கு நின்ற அந்தப் பிரச்சினை என்னவென்று எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. கறுப்பு வெள்ளைப் படத்தை இங்க்ஜெட் பிரிண்டரிடம் கொடுத்தால், அது நீலம், ரோஸ், மஞ்சள் என்று எல்லா மையையும் கலந்து சாம்பல் உண்டாக்கப் பார்க்கும். ஒரு மை கொஞ்சம் கூடிவிட்டால் முகத்தில் பச்சையோ ரோஸோ ஏறிவிடும். அதனால் பாய் சாம்பல் மையையே மூன்று விதமாகக் கலந்து ஊற்றி அடிப்பார். அப்படியும் வெளிச்சம் மாறினால் நிறம் மாறும். ட்யூப் லைட்டில் சரியாக இருப்பது வெயிலில் ரோஸாகிவிடும். மையை எம்புட்டு அடக்கினாலும் வெளிச்சம் போய்க் கிளப்பிவிட்டுவிடும் என்பார். ஒவ்வொரு படத்தையும் மொட்டை மாடிக்கும் படிக்கட்டுக்கும் டீக்கடைக்கும் தூக்கிக்கொண்டு அலைவார். நானும் அந்தக் கடையில் இருந்த நாலு வருஷமும் அவர் பின்னாலேயே அலைந்தேன். வெகு நாள்வரை எனக்கு எல்லாம் சாம்பலாகத்தான் தெரிந்தது.

இப்படி இருக்கையில்தான் டி. கல்லுப்பட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் ஒரே ஒரு பழைய படம். தலைப்பாகை கட்டிய அவருடைய அப்பா, அவர்கள் வழக்கில் அய்யா. கீழக்குயில்குடிக்கு அந்தப் பக்கம் அவருக்கு இரண்டு தம்பிகள், ஒச்சப்பன், பாண்டி என்று. அடுத்தடுத்த வீடு. ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அய்யா போன பிறகு சண்டை இன்னும் முற்றிவிட்டது. ஆளுக்கொரு படம் கொடுத்தால் அவர் முகத்தைப் பார்த்தாவது மனசு இளகாதா என்று அந்த அக்காவுக்கு ஒரு நப்பாசை. போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "ரெண்டு படத்துக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்கக் கூடாது பாய். இருந்துச்சுன்னா அதுக்கும் வெட்டுக்குத்து நடக்கும்."

பாய் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். கிழிசலையும் கறையையும் நான் கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுத்தேன். அவர் ஒரே தாளில் இரண்டு படத்தையும் அருகருகே அடித்து நடுவில் வெட்டினார். ஒரே மை, ஒரே நிமிடம். அக்கா வாங்கிக்கொண்டு போய்த் தம்பிகளிடம் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் அண்ணன் ஒச்சப்பன் போன் செய்தார். அய்யா முகத்தில் பாசி பிடித்த மாதிரி பச்சை பூத்திருக்கிறது, தம்பிக்கு மட்டும் நல்ல படமாகக் கொடுத்திருக்கிறீர்கள், அவன் உங்களுக்கு என்ன சொந்தமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி பாண்டி போன் செய்தார். அய்யா வாழ்நாளில் குடித்ததே இல்லை, இப்போது மூஞ்சி சிவந்து குடிகாரர் மாதிரி இருக்கிறார், நல்ல படத்தை அண்ணன் வாங்கிக்கொண்டான் என்றார். ஒருவர் வீட்டுப் படத்தை மற்றவர் பார்த்ததே இல்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் தண்ணீர்க் குழாயில் நின்று, எங்கள் வீட்டில் அய்யா உயிரோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறார் என்று மற்றவர் காதில் விழும்படி பெருமையடித்துக்கொண்டதில் வந்த வினை.

பாய் போனை வைத்துவிட்டுச் சாம்பல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. பச்சை என்றும் ரோஸ் என்றும் இத்தனை நாள் ஊரைச் சொல்லிவந்தவரிடம் முதல் தடவையாக வேறொருவர் அதைச் சொல்லியிருக்கிறார். பிறகு எழுந்து, "தங்கச்சி, வண்டிய எடுங்க" என்றார்.

என் ஸ்கூட்டரில் போனோம். சமணர் மலை கண்ணில் பட்டதும் நிறுத்தச் சொன்னார். பையிலிருந்து உள்ளங்கை அகலச் சாம்பல் அட்டையை எடுத்து, கையை நீட்டி மலையோடு ஒட்டவைத்துப் பார்த்தார். இதுவும் லேசாக ரோஸ்தான் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். இரண்டாயிரம் வருஷமாகப் பேர்போன மலையை இப்படி ஒருவர் தள்ளுபடி செய்து நான் பார்த்ததில்லை.

ஊரில் போய்ப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு மட்டமான எல்.இ.டி. பல்பு, அதன் கீழே நின்ற எங்கள் இருவர் முகத்திலும் பாசி பிடித்திருந்தது. தம்பி வீட்டிலோ செங்கல் நிறச் சுவர், அதன் மேல் வெயில். பாய் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். இருவரும் நம்பவில்லை. அண்ணன் வீட்டுக்குத் தம்பி வரமாட்டார், தம்பி வீட்டுக்கு அண்ணன் வரமாட்டார். இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் வைத்துக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு பொது இடம் வேண்டும் என்று பாய் இரண்டு வீட்டிலிருந்தும் படத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அட்டையைத் தூக்கிக்கொண்டு வீடுகளைச் சுற்றிவந்தார். ஓரிடத்தில் நின்றார். அவர் முகம் மலர்ந்தது.

அது இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த ஆறடிச் சந்து. அந்தச் சந்து யாருக்குச் சொந்தம் என்பதுதான் அவர்களுடைய ஆறு வருஷச் சண்டை. முன்பக்கம் அண்ணன் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார், பின்பக்கம் தம்பி. யாரும் உள்ளே போய்ப் பெயின்ட் அடிக்க முடியாததால் இரண்டு பக்கச் சுவரும் வெறும் சிமென்ட் பூச்சோடு நின்றன. மேலே வானம். பாய் தேடிய சுத்தமான சாம்பல் அந்த ஊரிலேயே அங்கே மட்டும்தான் இருந்தது. நான் வேண்டாம் பாய், வேண்டாம் பாய் என்று கெஞ்சக் கெஞ்ச, அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முள்ளை இழுத்து வெளியே போட்டார்.

தெரு கூடிவிட்டது. அண்ணன் முன்பக்கமிருந்தும் தம்பி பின்பக்க முள்ளைத் தாண்டியும் பாய்ந்து வந்தார்கள். இன்றைக்கு மூவரில் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். பாய் அவர்களைக் கவனிக்கவே இல்லை. இரண்டு படத்தையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் மாற்றினார், சீட்டுக் கலைப்பது மாதிரி. பிறகு சுவரோடு சாய்த்து அருகருகே வைத்தார்.

"இதுல எது அண்ணனுது, எது தம்பியுது? சொல்லுங்க, ஒங்க காலடியில கெடக்கேன்" என்றார்.

இருவரும் குனிந்தார்கள். பார்த்தார்கள், இன்னும் குனிந்து பார்த்தார்கள். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. தலைப்பாகையின் மடிப்பு, நெற்றிச் சுருக்கம், நரைத்த மீசை, எல்லாம் தெளிவாக இருந்தன. ஒரே ஆள் இரண்டு பேராக நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண்டிதான் பேசினார், படத்தைப் பார்த்தபடியே. "அய்யாவுக்கு ஒரு புருவம் தூக்கலா இருக்கும்ல, அண்ணே?"

ஒச்சப்பன் அந்தப் புருவத்தை உற்றுப் பார்த்தார். "கோவம் வந்தா தூக்கும்."

"இப்ப ரெண்டுலயும் தூக்கித்தான் இருக்கு."

சுற்றி நின்றவர்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான்தான் அது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த நேரம் பார்த்துப் பாய் இடையில் புகுந்தார். இரண்டு படத்தையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, லேசாக ரோஸ் இருக்கிறது, திரும்ப அடித்துக் கொண்டுவருகிறேன் என்று அறிவித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் தம்பி இருவரும் இதே இடத்தில் ஒன்றாக நின்று பார்க்க வேண்டும். அதுவரை முள் போடக் கூடாது, முள் நிழல் விழுந்தால் வெளிச்சம் கெட்டுவிடும். எனக்கு அவரை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது. ஆறு வருஷம் கழித்து இரண்டு பேர் வாயைத் திறந்திருக்கிறார்கள், இந்த மனுஷனுக்கு அப்போதும் ரோஸ்தான் கண்ணில் படுகிறது. ஆனால் அண்ணனும் தம்பியும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்கள்.

திரும்பும் வழியிலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. நாகமலை தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, அந்தப் படங்களைக் கொடுங்கள் என்றேன். இரண்டையும் வெயிலில் பிடித்தேன், மர நிழலில் பிடித்தேன். இத்தனை நாள் அவர் பின்னால் அலைந்ததில் என் கண்ணும் கொஞ்சம் தேறியிருந்தது.

"ரோஸ் எங்க பாய் இருக்கு?"

"இல்லம்மா" என்றார் பாய். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு வாரம் அந்த முள்ளு இல்லாமக் கெடக்கட்டும்னுதான்."

நிறத்தில் பொய் சொல்வதைக் கொலைக் குற்றமாகக் கருதியவர் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இரண்டு படங்களைப் புது உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். சந்து கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் இடித்தபடி பார்த்துவிட்டு, இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது, போன வாரம் ரோஸாகத்தான் இருந்தது என்று ஒரே குரலில் சொன்னார்கள். பாய் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எங்களுக்கு இரண்டு வீட்டிலிருந்தும் டீ வந்தது.

நான் அந்தக் கடையை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அந்தப் பக்கம் போனால் மாடியேறிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். பத்திரிகைக் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், பக்கத்து அறை ஆள் ஒரு கிறுக்கு என்று போன வாரம் என்னிடம் சொன்னாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அப்படிச் சொல்லும் உரிமை எனக்கும் நூர்ஜஹான் அக்காவுக்கும் மட்டும்தான் உண்டு.