படத்தில் தெரியும் வலது கை என்னுடையது அல்ல

ஜூன் 10, 2009, புதன்கிழமை

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் திரு. அதெலீனு மாஷாடு அவர்கள் சமூகத்துக்கு, உன் காலஞ்சென்ற தாய்மாமனின் மனைவி எர்மீனியா பெத்தென்கூர் எழுதிக்கொள்வது.

பரிசுத்த ஆவியின் தயவில் இங்கே நான் சுகம், என் தக்காளிச் செடிகள் சுகம், வலது தோள் நீங்கலாக. உன் சுகத்துக்கும் உன் மனைவி சுகத்துக்கும் உன் பத்திரிகையின் சுகத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். பத்திரிகைக்காக வேண்டுவதை நேற்று நிறுத்தியிருந்தேன். இந்தக் கடிதத்தை உத்தேசித்து இன்று காலையில் மறுபடி தொடங்கினேன்.

மருமகனே, விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை இதழின் மூன்றாம் பக்கத்தில், டயர் கடை விளம்பரத்துக்கு மேலே, பெந்தகோஸ்தே திருவிழாப் பவனியின் படம் போட்டிருக்கிறாய். கறுப்புச் சால்வையில் நான், கையில் வெள்ளித் தட்டு, தட்டின் மேல் பரிசுத்த ஆவியின் கிரீடம். கீழே, "அறுவைச் சிகிச்சை முடிந்த பத்தே வாரத்தில், யார் துணையுமின்றி, இரு கைகளாலும் கிரீடத்தைச் சுமந்து நேர்த்திக்கடன் நிறைவேற்றிய வீரமங்கை எர்மீனியா" என்று எழுதியிருக்கிறாய். வீரமங்கைக்கு நன்றி. மற்றதில் பாதி பொய். தட்டுக்கு அடியில் தெரியும் அந்த வலது கை என்னுடையது அல்ல. நீ எட்டு வயதில் என் வீட்டு ஜன்னலைப் பந்தால் உடைத்துவிட்டு "காத்துல உடைஞ்சிருச்சு மாமி" என்று கண் கலங்காமல் சொன்னவன். இவன் பத்திரிகைக்குத்தான் போவான் என்று அன்றைக்கே உன் மாமாவிடம் சொன்னேன். அந்தக் கை யாருடையது என்பதை அடுத்த வியாழக்கிழமை இதழில் நீ திருத்திப் போடவேண்டும். போடாவிட்டால் என் கை போய்விடும். நான் பெரிதுபடுத்திப் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

எப்படிப் போகும் என்று கேள். மார்ச் மாதம் மொடெஸ்டோ ஆஸ்பத்திரியில் என் வலது தோளைத் திறந்து, அறுந்துபோன தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். இருபத்தேழு வருடம் சீஸ் தொழிற்சாலையில் நாற்பது பவுண்டுக் கட்டிகளை ஓடும் பெல்ட்டிலிருந்து தூக்கிப் பலகையில் அடுக்கியதில் அறுந்த நார் அது. எனக்குப் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளையையும் நிறுத்தியிருந்தார்கள். அவன் நாலு தூக்கினால் நான் ஆறு தூக்குவேன். அவன் பெயர் எல்வீனு என்று சொல்லி அவமானப்படுத்த மாட்டேன். ஜூன் பத்தொன்பது வரை வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்தார். வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு அரசாங்கம் தரும் டிசபிலிட்டி பணமும் அதுவரைதான். தோள் இன்னும் ஒட்டவில்லை. பணம் நீளவேண்டுமானால் டாக்டர் இன்னொரு தாளில் புதுத் தேதி போட்டு அலுவலகத்துக்கு அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் மறுபடி அந்தப் பெல்ட் முன்னால் நிற்கவேண்டும். இன்னொரு தடவை அறுந்தால் தைக்க அங்கே நார் மிச்சமில்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதன்பிறகு இந்தக் கையால் தலை சீவவும் முடியாது, சிலுவை போடவும் முடியாது. இப்போது காப்பிக் கோப்பைக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்று உத்தரவு. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் எழுத மட்டும் முடிகிறது. இதையும் படம் எடுத்துப் போட்டுவிடாதே.

காப்பிக் கோப்பை தூக்கக் கூடாதவள் கிரீடம் எதற்குத் தூக்கினாள் என்று கேட்பாய். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பரிசுத்த ஆவியிடம் நேர்ந்துகொண்டேன்: பெந்தகோஸ்தேக்குள் தோள் சரியானால் கிரீடத்தை மண்டபத்திலிருந்து கோயில்வரை நானே சுமக்கிறேன் என்று. பெந்தகோஸ்தே வந்துவிட்டது, தோள் வரவில்லை. பாதிரியார், "அடுத்த வருஷம் செஞ்சுக்கலாம்மா, ஆண்டவர் எங்க போயிடப் போறார்" என்றார். நானும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் சனிக்கிழமை மண்டபத்துச் சமையலறையில், திருவிழா சூப்புக்கு மாட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கும்போது, நாற்பது பெண்கள் காதில் விழும்படி தியோலிந்தா சொன்னாள்: "எர்மீனியா நேர்த்திக்கடனா? அது இந்த வருஷமும் பாக்கிதான். வாய் தூக்குற கனத்தைக் கை தூக்குமா?"

தியோலிந்தாவை உனக்குத் தெரியும். என் மகள் லூசியாவுக்கு ஞானத்தாய். 1978 திருவிழாவில் லூசியா ராணியாக நடந்தபோது, அவளுடைய வெல்வெட் மேலங்கியில் பரிசுத்த ஆவியின் புறாவைப் பூவேலை செய்து தருகிறேன் என்று வாங்கிப்போனவள், பவனி புறப்படப் பத்து நிமிஷம் இருக்கும்போது கொண்டுவந்து கொடுத்தாள். விரித்துப் பார்த்தால் கோழி. கொண்டைகூட இருந்தது. "ஏண்டி இது கோழி மாதிரி இருக்கே" என்றால், "புறாதான். உன் பொண்ணு முதுகு அகலம், அதான் கொழுத்துத் தெரியுது" என்கிறாள். என் பிள்ளை முதுகில் கோழியோடு ஊர் முழுக்க நடந்தாள். அன்றோடு பேச்சு நின்றது. முப்பத்தொரு வருடம். நடுவில் உன் மாமா சாவுக்கு வந்து அழுதாள்; அதை நான் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரீடத்தைக் கையில் வாங்கினேன். கழுத்திலிருந்து கையைத் தாங்கும் கைத்தொட்டிலைக் கழற்றி வைத்துவிட்டேன், அந்த நீலத் துணியோடு பரிசுத்த ஆவிக்கு முன்னால் போக மனம் வரவில்லை. வலது கையைச் சால்வைக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டு, தட்டை இடது கையில் ஏந்தி நடந்தேன். தட்டும் கிரீடமும் சேர்ந்து எட்டுப் பவுண்டு. முதல் தெரு நன்றாகப் போனது. இரண்டாவது தெருவில் பேண்டு வாத்தியக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள், ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது தட்டு சாய்ந்தது, கிரீடம் வழுக்கிக்கொண்டு விளிம்புக்கு வந்துவிட்டது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை வந்து தட்டுக்கு அடியில் நின்றது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அந்த ரோஜாப் பவுடர் வாசனை.

"கையை எடு" என்றேன், உதடு அசையாமல். இரண்டு பக்கமும் ஜனம்.

"எடுக்கிறேன். கிரீடம் ரோட்டுல உருளும். நீயே குனிஞ்சு பொறுக்கிக்கோ."

"முப்பத்தொரு வருஷமா நீ பிடிச்சுதான் நடந்தேனா?"

"நடந்த லட்சணம்தான் தெரியுதே. தட்டு கிழக்க போகுது, நீ மேக்க போற. சிரிடீ, போட்டோ எடுக்கிறான்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தால், அறுபத்தெட்டு வயதுக்காரி, விரல் ஐந்திலும் சிவப்பு நகச்சாயம். "என்னடி இது? பரிசுத்த ஆவிக்கு முன்னால இந்தச் சிவப்பா?" என்றேன்.

"இன்னிக்கு பரிசுத்த ஆவிக்கே சிவப்புதான். பாதிரியார் அங்கியைப் பாரு."

அந்தப் பதிலையும் நான் மறக்கமாட்டேன். கோயில் வாசல்வரை இரண்டு தெரு அப்படியே நடந்தோம், வெளியே சிரிப்பும் உள்ளே சண்டையுமாக. கிரீடம் பீடத்துக்குப் போனதும் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், நீ முந்திக்கொண்டு சொல்லுமுன். பவனிக்கு மறுநாள் திங்கட்கிழமை உனக்குப் போன் செய்து, படத்திலிருந்து தியோலிந்தாவை வெட்டி எடு என்று சொன்னது நான்தான். அவளோடு சேர்ந்து ஒரே படத்தில் நின்றால் என்னைப் புதைத்த பிறகும் ஊர் அதைப் பேசும் என்று சொன்னதும் நான்தான். ஆனால் நான் சொல்வதை நீ எப்போதிலிருந்து கேட்க ஆரம்பித்தாய்? தலைமுடியை வெட்டிக்கொள் என்று இருபது வருடம் சொன்னேன், கேட்டாயா? அவள் முகத்தை வெட்டினாய், தோளை வெட்டினாய், கையை மட்டும் விட்டுவிட்டாய், அதை வெட்டினால் கிரீடமும் போய்விடும் என்று. இப்போது அந்தக் கை என் சால்வைக்குள்ளிருந்து முளைத்த மாதிரி நிற்கிறது. முதலில் பார்த்தபோது எனக்கே என் கை என்றுதான் தோன்றியது. வியாழக்கிழமை முழுக்க சந்தோஷமாகவும் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனேன், நீட்டிப்புத் தாளுக்காக. அங்கே நர்சு பிரெண்டா. டாக்டர் பேசுவதை எனக்கும் நான் பேசுவதை டாக்டருக்கும் சொல்கிறவள் அவள்தான். தியோலிந்தாவின் மருமகளும் அவள்தான். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், முடிந்தவரை. எனக்கு முடிந்தவரை என்றால் இடுப்புக்குச் சற்று மேலே. ஆனால் பிரெண்டா பார்த்துக்கொண்டிருக்கிறாளே; இவள் கண்ணில் பட்டது சாயங்காலத்துக்குள் அவள் மாமியார் காதுக்குப் போகுமே. பல்லைக் கடித்துக்கொண்டு காதுவரை தூக்கினேன். கண்ணில் பூச்சி பறந்தது. "வலிக்குதான்னு கேக்கறார் அத்தை" என்றாள் பிரெண்டா. "இல்லை" என்றேன். நாங்கள் கப்பலேறி வந்த எங்கள் தீவில் பிறந்தவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் வேறு என்ன பதில் வரும்? பிரசவத்திலும் இதைத்தான் சொன்னேன்.

"பரவாயில்லையே, நல்லா ஆயிடுச்சே" என்று டாக்டர் மேசையிலிருந்து உன் பத்திரிகையை எடுத்தார். காத்திருக்கும் அறையில் கிடந்ததாம். "இது நீங்கதானே?"

"நான்தான். அந்தக் கை மட்டும் நான் இல்ல."

"அப்ப வேற யாரு?"

பிரெண்டா முன்னால் அந்தப் பெயரை என் வாயால் எப்படிச் சொல்வேன்? "யாரோ ஒரு வழிப்போக்கர்" என்றேன். பிரெண்டா படத்திலிருந்த சிவப்பு நகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தில் ஒன்றும் இல்லாமல் அதை அப்படியே டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதப் பாருங்கம்மா, ரெண்டு கையால எட்டுப் பவுண்டு தூக்கிட்டு ஊரைச் சுத்தினவங்க வேலைக்கு ஆகாதுன்னு நான் எழுதினா, நாளைக்கு யாராவது இந்தப் பேப்பரை என் முன்னால நீட்டுவாங்க. அந்தக் கை யாரோடதுன்னு காட்டுங்க, நான் எழுதறேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். சொல்லவேண்டியவர்கள் பட்டியல் ஏற்கெனவே நீளம்.

ஆகவே திருத்தம் இப்படிப் போடவும்: "சென்ற இதழ்ப் படத்தில் தட்டுக்கு அடியில் காணப்படும் வலது கை திருமதி தியோலிந்தா அவர்களுடையது, அவர் அப்போது அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தார்." உதவினார் என்று போடாதே. யோசித்துப் பார்த்தால், போய்க்கொண்டிருந்தவர் கை தட்டுக்கு அடியில் எதற்கு வந்தது என்று டாக்டர் கேட்பார். "தாங்கினார்" என்று போடு. தட்டைத் தாங்கினார், என்னை அல்ல, அது தெளிவாக இருக்கட்டும். போதாது என்று உன் புத்திக்குத் தோன்றினால், சரி, உதவினார் என்றே போட்டுத் தொலை, ஆனால் மரண அறிவிப்புப் போடுகிற சிறிய எழுத்தில். வெட்டாத முழுப் படத்தையும் பக்கத்தில் போடு. வாங்குகிறவர்கள் பார்க்காத பக்கம் ஏதாவது உன் பத்திரிகையில் இருக்கும். தலையங்கப் பக்கத்தில் போட்டால் நல்லது.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். பரிசுத்த ஆவியின் ஏழு வரங்களும் உன் வீட்டுக் கூரைமேல் இறங்கட்டும், குறிப்பாக விவேகம் என்ற வரம், அது உன்மேல் நேராக. உன்னை மடியில் போட்டுத் தாலாட்டிய கை இது என்பதை நினைத்துக்கொண்டு வேலையை முடி.

இப்படிக்கு, உன் நன்மையை எப்போதும் விரும்பும் மாமி,
எர்மீனியா

பின்குறிப்பு, வியாழக்கிழமை காலை: எதையும் போடாதே. தபால் பெட்டிக்குப் போகச் செருப்பை மாட்டும்போது பிரெண்டா போன் செய்தாள். "அத்தை, டாக்டர் ஆகஸ்ட் பதினாலு வரைக்கும் எழுதி அனுப்பிட்டார்" என்றாள். எப்படி என்றேன். "நேத்து சாயங்காலம் எங்க மாமியார் கிளினிக்குக்கு வந்தாங்க. டாக்டர் மேசைமேல பேப்பரை விரிச்சு, படத்துக்குப் பக்கத்துல தன் கையை வெச்சு, ‘நகத்தைப் பாத்துக்கங்க டாக்டர், அந்த வழிப்போக்கர் நான்தான்’னாங்க. அப்புறம், ‘அவ வலிக்கலன்னு சொன்னா வலிக்குதுன்னு அர்த்தம், அப்படியே எழுதிக்குங்க’ன்னுட்டுப் போயிட்டாங்க" என்றாள். பார்த்தாயா அவள் குரூரத்தை? இனி நான் அவள் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லியாகவேண்டும். சொல்கிறேன், சொல்லாமல் இருக்கமாட்டேன். ஆனால் கனமானது எதையும் இப்போது தூக்கக்கூடாது என்று உத்தரவு. ஆகஸ்ட் பதினாலு வரை எனக்கு நேரம் இருக்கிறது, டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.