மகன் பட்டத்துக்கு மோதியதும் நான் தராசைச் சோதித்ததும்

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், சென்ற திங்கட்கிழமை முதல் தானே சமைத்துத் தானே சாப்பிட்டுத் தானே குறை சொல்லிக்கொள்கிறவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டில் இப்போது ஒருவர் கூடுதலாக இருப்பதால் அந்த ஒருவரின் நலத்தைத் தனியாக விசாரிக்கிறேன். அவள் தன் பக்கத்து நியாயத்தை இதற்குள் மூன்று தடவையாவது சொல்லி முடித்திருப்பாள். என் பக்கத்து நியாயம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. முழுதாகப் படித்துவிட்டு யார் பேரில் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மருமகனாகிய என் பையன் குத்துச்சண்டையில் பதினொரு வருடம் மூக்கை உடைத்துக்கொண்டு, பிறர் மூக்கையும் உடைத்து, ஒரு வழியாகப் பட்டப் போட்டி வரை வந்தது உங்களுக்குத் தெரியும். நடப்புச் சாம்பியனோடு பன்னிரண்டு சுற்று. எடை அறுபத்துமூன்றரைக் கிலோவுக்கு மேல் ஒரு கிராம்கூட இருக்கக் கூடாது. இதற்காகப் பையன் மூன்று மாதம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாங்கள் சாப்பிடும்போது அவன் மாடிக்குப் போய்விடுவான். போட்டிக்கு முந்தின நாள் காலையில் எடை பார்த்தார்கள். சாம்பியன் ஏறினான், அறுபத்துமூன்று. நம்மவன் ஏறினான், அறுபத்துமூன்று கிலோ நானூறு கிராம். எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு நானும் கையைத் தட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் இன்று எனக்கு இந்த வேகாத உருளைக்கிழங்கு கதி வந்திருக்காது.

ஆனால் மச்சான், முப்பத்துநாலு வருடம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போட்டவன் நான். ஓய்வு பெறும்போது மற்றவர்களுக்கெல்லாம் சுவர்க் கடிகாரம் கொடுத்த அலுவலகம், எனக்கு மட்டும் இருபது கிலோ இரும்பு எடைக்கல் ஒன்றைக் கொடுத்தது. வாசல் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோமே, அதுதான். தராசு இருக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு போக எனக்கு மனம் வராது என்பதால் அன்றைக்கு அதைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கூட்டம் கலைவதற்குள் மேடையேறி அதைத் தராசின் மேல் வைத்தேன். பத்தொன்பது கிலோ எண்ணூற்றைம்பது கிராம் காட்டியது. நூற்றைம்பது கிராம் குறைச்சல்!

"யாருங்க நீங்க? கீழ இறங்குங்க" என்று ஓடிவந்தார் போட்டிக் குழுவின் அதிகாரி.

"உங்க தராசு குறைச்சுக் காட்டுதுங்க" என்றேன்.

"உங்க கல்லு சரியான கல்லுதானா?"

"எங்கிட்டயா கேக்கறீங்க?" என்று நான் கேட்ட கேள்வியிலேயே அந்த மனிதர் பாதியாகிவிட்டார். மீதிப் பாதியை என் பழைய அடையாள அட்டை பார்த்துக்கொண்டது. உங்கள் மருமகன் இடுப்புத் துண்டோடு நின்று, "அப்பா, வந்துருங்கப்பா, ப்ளீஸ்" என்று கெஞ்சினான். அவனுடைய பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். என் கல்லை வைத்தே தராசைத் திருத்தி, இரண்டு பேரையும் மறுபடி ஏற்றினார்கள். சாம்பியன் இருபது கிராம் வித்தியாசத்தில் தப்பித்துக்கொண்டான். நம்மவனுக்கு முந்நூற்றெண்பது கிராம் அதிகம். குறைக்க இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள்.

நான் அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "உண்மையச் சொல்லு. யாருக்கும் தெரியாம என்னத்தத் தின்ன?" என்று கேட்டேன்.

"நேத்து அரை ஆரஞ்சு தின்னேன்ப்பா. சத்தியமா அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"தராசு பொய் சொல்லாதுடா" என்றேன். பொய் சொன்ன தராசைத் திருத்தி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்பதால் நம்பிக்கையோடுதான் சொன்னேன். அவன் பிளாஸ்டிக் சட்டையை மாட்டிக்கொண்டு கயிறு தாண்டினான், வாளியில் எச்சில் துப்பினான், கடைசி இருபது கிராமுக்கு மொட்டை அடித்துக்கொண்டான். உங்கள் தங்கை வாசற்படியில் நின்று அவன் முடி விழுவதைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் பத்திரிகையில், 'எடையைக் கட்டுப்படுத்தத் தெரியாத வீரர்' என்று போட்டிருந்தார்கள்.

போட்டியைப் பற்றி என்ன எழுத? முதல் நான்கு சுற்று சாம்பியன் பக்கம், அடுத்த மூன்று நம் பக்கம், எட்டிலிருந்து பத்து வரை யார் பக்கம் என்று கடவுளுக்கே குழப்பமாக இருந்திருக்கும். உங்கள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, நம்மவன் அடிக்கும்போது ஒரு கிள்ளு, வாங்கும்போது இரண்டு கிள்ளு என்று கிள்ளிக்கொண்டிருந்தாள். பதினொன்றில் நம்மவன் கால் துவண்டு விழுந்தான். எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டான். கடைசிச் சுற்றில் ஒற்றைக் கண் மூடியபடி அடித்தானே ஒரு அடி, அரங்கமே எழுந்து நின்றது. பிறகு நடுவர்களின் மதிப்பெண்ணைப் படித்தார்கள். முதலாமவர் நூற்றுப் பதினாலுக்கு நூற்றுப் பதிமூன்று, நமக்கு. இரண்டாமவர் அதே கணக்கு, சாம்பியனுக்கு. மூன்றாமவரும் அதே கணக்கு, அவனுக்கே. ஒரு புள்ளி மச்சான், ஒரே ஒரு புள்ளி! உங்கள் தங்கை என் கையை விட்டுவிட்டு, "உங்க கல்லு நல்லா இருக்கட்டும்" என்றாள். மறுநாள் காலையில் உங்கள் ஊருக்கு வண்டியேறிவிட்டாள்.

பையன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உதட்டில் தையலோடு, "சாப்டீங்களாப்பா?" என்று மட்டும் தினமும் கேட்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் நீங்களே சொல்லுங்கள், தப்பான தராசைக் கண்டும் காணாததுபோல் நான் வரலாமா? தராசு தப்பு. அதைச் சொன்னவன் மேல் என்ன தப்பு? இதைத் தங்கைக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, கையோடு அழைத்து வந்து விடும்படி கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, உங்கள் தங்கைக்கு இரண்டில் எது பிடிக்குமோ அது.

இப்படிக்கு,
தவறேதும் செய்யாத,
உங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். பசை நன்றாகப் பிடிக்கட்டும் என்று உறையின் மேல் வைக்க அந்தக் கல்லைத் தூக்கினேன். அடியில் விரல் ஒரு குழிக்குள் போயிற்று. எடையைச் சரிக்கட்ட அந்தக் குழியில் ஈயத்தை அடைத்து, ஈயத்தின் மேல்தான் முத்திரை குத்துவோம். ஈயத்தைக் காணோம். கதவுக்கு முட்டுக் கொடுத்துக் காலால் தள்ளித் தள்ளி எப்போதோ விழுந்திருக்கிறது. பழைய அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துப் பார்த்தேன். பத்தொன்பது கிலோ எண்ணூற்றைம்பது. அவர்கள் தராசு சரியாகத்தான் இருந்திருக்கிறது மச்சான். நான்தான் அதைக் கெடுத்தேன். போட்டிக் குழுவுக்கும் பத்திரிகைக்கும் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பட்டம் திரும்பி வராதாம்.

பையனிடமும் சொல்லிவிட்டேன். கண்ணில் வைத்திருந்த ஐஸ் பையைக் கீழே வைத்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவன் பட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அப்ப நான் சரியான எடையிலதான் இருந்தேனாப்பா?" என்றான்.

"இருந்தேடா. நூறு கிராம் குறைச்சலாவே இருந்தே. நான்தான் உன்ன நம்பல" என்றேன்.

பன்னிரண்டு சுற்றிலும் அழாதவன் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறான். மேலே எழுதிய நியாயத்தையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு உங்கள் தங்கையை உடனே அனுப்புங்கள். என்னைத் திட்டுவதை வந்து திட்டிக்கொள்ளட்டும். இவனை எப்படித் தேற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை.